அட்டை வீட்டின் அழைப்பு மணி

சென்னையில் பாடி மேம்பாலத்துக்கு அருகே மூடிக் கிடந்த தொழிற்சாலை ஒன்றை வெள்ளையடித்து ஓவியக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கிறது என்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் யாரோ போட்டார்கள். நான் உடனே என் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாலாம் வகுப்புப் படிக்கும் பெண், பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியே கதியென்று கிடக்கிறாளே என்ற கவலை பாதி. குழுவில் மற்ற அம்மாக்கள் எல்லாம் பெயர் கொடுத்துவிட்டார்களே என்பது மீதி.

முதல் சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு போனேன். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். சட்டையெல்லாம் சாயம். கூடவே உள்ளே நுழையப்போன எங்களைப் பார்த்து, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில இருங்க, ப்ளீஸ். நீங்க பக்கத்துல நின்னா அவங்க உங்களுக்காகத்தான் வரைவாங்க" என்றாள்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே பெரிய கடல் ஓவியத்துக்கு முன்னால் குழந்தைகள் தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள். அந்த ஓவியத்துக்குள் என்ன சத்தம் கேட்கும் என்று ஒவ்வொருவரும் வாயாலேயே செய்து காட்ட வேண்டும். ஒரு பையன் அலையானான். இன்னொருத்தி படகு மோட்டார். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு காற்றை ஊதினாள். மெதுவாகத் தொடங்கி, பிறகு பலமாக, பாய்மரத் துணி படபடப்பது போலக் கையையும் உதறிக்கொண்டு. வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள் என்று அவள் ஆசிரியை வருடா வருடம் என்னிடம் குறைப்படுவார். அந்தப் பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.

சில வாரம் கழித்து, ஒவ்வொருவரும் செருப்புப் பெட்டியில் தங்கள் வீட்டைச் செய்ய வேண்டும் என்றார்கள். எல்லா வீடுகளையும் சேர்த்து ஓர் ஊர் கட்டப்போகிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் அழைப்பு மணி இருக்கும். அதை அழுத்தினால் அந்த வீட்டின் சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்பதைக் குழந்தைகளே முடிவு செய்து அங்கேயே பதிவு செய்துகொள்வார்கள். ஊர் கட்டி முடிந்ததும் ஒரு சனிக்கிழமை பெற்றோரும் மற்றவர்களும் வந்து பார்க்கலாம்.

பெட்டியை வீட்டில் வைத்துத்தான் செய்தாள். செய்ய உதவியது நான் இல்லை, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எங்கள் அடுக்ககம். ஏரிக்கு அந்தப் பக்கம் பழைய ஊருக்குள் அக்காவின் வீடு. அவர்கள் குடும்பத்துக்கு இங்கே நிலம் இருந்ததாம். என் மகள் பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கும்போது அக்கா கீழே நிற்பார். அவளுக்குச் சாப்பாடு போட்டு, அம்பத்தூரில் அலுவலகம் முடிந்து நான் வரும்வரை கூட இருப்பார். இரண்டு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அட்டையில் ஜன்னல் வெட்டித் தந்ததும், திரைச்சீலைக்குத் தன் ரவிக்கைத் துணி மிச்சத்தைக் கொண்டுவந்து ஒட்டியதும் அவர்தான். நான் வீட்டுக்குள் வரும்போது இருவரும் தரையெல்லாம் துண்டுத் துணியும் பசையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

"அக்காவும் வரணும்மா. என் வீட்டு பெல்ல முதல்ல அவங்கதான் அழுத்தணும்" என்றாள் மகள்.

"வரட்டுமே. நம்ம கார்லயே கூட்டிட்டுப் போவோம்" என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு தாராளம் இருந்தது. அது எனக்கே பிடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா கருநீலத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கீங்க என்றேன். "பாப்பா ஊடு கட்டிகீதே, கிரகப்பிரவேசத்துக்குச் சும்மா வர முடியுமா?" என்றார். மகள் வழியெல்லாம் அவர் மடியில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

ஓவியக்கூடத்தின் நடுவில் தாழ்வான பலகைகளின் மேல் அந்த ஊர் இருந்தது. குழந்தைகளின் உயரத்துக்கு அமைத்திருந்ததால் பெரியவர்கள் எல்லோரும் குந்தியோ மண்டியிட்டோ பார்க்க வேண்டியிருந்தது. மணியை அழுத்தி அழுத்தி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் குக்கர் விசில். ஒரு வீட்டில் நாய். இன்னொன்றில் கதவைச் சரியாக மூடச் சொல்லும் லிஃப்ட்டின் குரல். ஒரு பையன் தன் அப்பாவின் குறட்டையைச் செய்திருந்தான். அந்த அப்பாவும் சிரித்தார்.

என் மகளின் வீடு ஏரியோரம் இருந்தது. ஏரிக்கு நீலக் காகிதம். அவள் அக்காவின் விரலைப் பிடித்து மணியின் மேல் வைத்தாள். நான் கைப்பேசியைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

வந்தது என் குரல். பேசியது மகள்தான். ஆனால் என் இழுப்பு, என் கொஞ்சல், எல்லாம் அப்படியே இருந்தது.

"அக்கா, காபி குடிச்சிட்டுப் போங்கக்கா. அய்யோ, நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்! சரிக்கா, பாத்துப் போங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு கதவு சாத்தும் சத்தம். மேசையில் தட்டிச் செய்திருப்பாள். அதன் பிறகு அதே குரல், கொஞ்சல் போய், தாழ்ந்து:

"போயிட்டாளா? ஃப்ரிட்ஜ்ல பால் பாக்கெட் எத்தன இருக்குன்னு பாரு. பீரோ பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாரு. இதுங்களை எல்லாம் நம்பவே முடியாது."

அவ்வளவுதான். மணி ஓய்ந்துவிட்டது.

நான் தினமும் சொல்வது அது. இரண்டு வருடத்தில் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனதில்லை. சந்தேகப்பட எதுவும் நடக்கவுமில்லை. அக்கா கிளம்பியதும் செருப்பைக் கழற்றியபடியே அதைச் சொல்வேன். மகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அவளுக்கு அது எங்கள் வீட்டின் சத்தம். குக்கர் விசில் போல.

எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து, "எங்க வீட்லயும் இதே டயலாக்தான்" என்றாள். அக்கா யார் என்று அவளுக்குத் தெரியும். லிஃப்ட்டில் தினமும் பார்க்கிறவள்தான். பட்டுப்புடவையில் அடையாளம் தெரியவில்லையோ என்னவோ.

அக்கா விரலை எடுத்தார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மாதிரியே பேசறேன்ல?"

"நல்லா கீது பாப்பா" என்றார் அக்கா. "ஊடு சோக்கா கட்டிகீறே." முழங்காலைப் பிடித்து எழுந்து, புடவையை உதறிக்கொண்டு வெளியே போனார்.

என் கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு பிள்ளைகள் வந்து மணியை மறுபடி அழுத்தினார்கள். போயிட்டாளா என்று மறுபடி கேட்டேன் நான், செருப்புப் பெட்டிக்குள்ளிருந்து. குனிந்து பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, பேட்டரி எங்கே இருக்கிறது என்று துழாவினேன். ஒட்டியிருந்த திரைச்சீலை ஒன்று கையோடு வந்துவிட்டது.

பயிற்சி தரும் அந்தக் குட்டைமுடிப் பெண் ஓடி வந்தாள். "மேம், பிரிக்காதீங்க. அது அவ செஞ்சது. எடுக்கணும்னா அவகிட்ட கேளுங்க."

யாரிடமும் எதுவும் கேட்காமல் வெளியே வந்தேன். லாரிகள் வரிசையாக மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தன. அக்கா கேட்டுக்கு வெளியே, பேருந்து வரும் பக்கத்தைப் பார்த்து நின்றார்.

"அக்கா, கார்ல போலாம் வாங்க."

"இல்லமா. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. குழந்த ஏதோ விளையாட்டா பண்ணியிருக்கு. டிவில எங்கயாவது பாத்திருக்கும். எனக்கே தெரியாது அவ இப்படிப் பேசுவான்னு."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. நாக்கில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என் பின்னால் மகள் நிற்பதைப் பார்த்தேன்.

"டிவி இல்லம்மா" என்றாள். "நீ சொல்றதுதான?"

அவள் என்னை மாட்டிவிடவில்லை. மறந்துபோன அம்மாவுக்கு நினைவுபடுத்தினாள். என் முகத்தைப் பார்த்ததும், ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அது தன்னால்தான் என்று புரிந்துகொண்டாள். உதடு நடுங்க ஆரம்பித்தது.

அக்கா அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "கொயந்த மேல போடாதமா" என்றார்.

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை வரமாட்டார் என்று நினைத்து வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். ஆனால் அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். மகள் பக்கத்தில் இல்லாதபோது பேசலாம், நாளை பேசலாம் என்று தள்ளிப்போடத்தான் மனம் பார்த்தது. சமையலறை வாசலில் நின்று, "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவர் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"நீ ஒர்த்திதான் சொல்றியா இன்னா? எல்லா ஊட்லயும் சொல்வாங்கன்னு தெரியும். என் காதால கேட்டதில்ல, அவ்ளோதான்." ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். "ஆனா உன்ன அப்படி நெனைக்கலமா. அதான் பேஜாரா பூட்ச்சு."

அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

மகளின் பரீட்சை முடியும்வரை வந்தார். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டார். கடைசி நாள் நான் நீட்டிய காபியைக் குடித்தார். கதவைச் சாத்திய பிறகு நானும் மகளும் கூடத்திலேயே நின்றோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் போகவில்லை.

அதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. அட்டை ஊர் இன்னும் சில வாரம் அங்கேயே இருக்கும் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. யார் யாரோ வந்து அந்த மணியை அழுத்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் எடுத்துவிடு என்று மகளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளே போய்ச் சத்தத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டாளாம். அழைத்துவரப் போனபோது அந்தக் குட்டைமுடிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏன் மாத்தணும்னு கேட்டேன் மேம். அம்மாவுக்கு வெக்கமா இருக்குன்னு சொன்னா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. இப்ப மிக்ஸி சத்தம் வெச்சிருக்கா."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. வருத்தம்தான் இருந்தது. அன்று கேட்டுக்கு வெளியே என்ன நடந்தது என்று அவளுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது.

உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து மணியை அழுத்தினேன். மிக்ஸி ஓடியது. பக்கத்து வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் வரும் சத்தம் போலவே இருந்தது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. மணியை அழுத்தப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. என் மகளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்று எல்லோரும் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போக வேண்டாம் என்றுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. பள்ளி விட்டதும் அடுக்ககத்திலேயே இருக்கும் டியூஷனுக்குப் போய்விடுகிறாள். முன்பெல்லாம் நான் போனில் பேசினால் பக்கத்திலேயே படம் வரைந்துகொண்டிருப்பாள், பேச்சின் நடுவே யாரும்மா என்று கேட்பாள். இப்போது போன் அடித்ததும் நோட்டைச் சுருட்டிக்கொண்டு எழுகிறாள். "நீ பேசும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.