சோழிச் சத்தம்

திங்கட்கிழமை காலை. இந்தத் துபாய் வீட்டில் என்னோடு வேலை செய்யும் நைஜீரியப் பெண் ஃபுன்மி, வெள்ளைத் தட்டில் சோழிகளைக் கழுவினாள். அவள் ஊர்க்காரர்களுக்குச் செல்வத்தின் தெய்வம் அஜே; சோழிதான் அதன் அடையாளம். திங்கள் அஜேயின் நாள்.

சோழிகள் உரசிய சத்தத்தில், கூரை ஒழுகும் எங்கள் தேயிலைத் தோட்ட லய வீட்டுக்குப் போய்விட்டேன். அப்போது நான் சிறுமி; அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரவேண்டுமென்று தினமும் சோழி உருட்டினேன்.

"உருட்டாத புள்ள, வீட்டுக்கு ஆகாது!" கொழுந்து பறித்துவிட்டு ஈரச் சாக்கோடு வரும் அத்தை கத்துவாள்.

நான் கேட்டது அம்மாவை. வந்தது பணம். புதுத் தகரம் வந்தது, டிவி வந்தது.

"உனக்கும் சேர்த்துக் கேட்கவா, சிஸ்டர்?" ஃபுன்மி சோழிமேல் தேன் விட்டாள்.

என் மகள் இப்போது அதே அத்தையிடம்தான் இருக்கிறாள். "ஒம் புள்ளயும் சோழிய உருட்டுறா," என்று அத்தை நேற்று போனில் சொன்னாள்.

பணம் வேண்டாமென்று சொல்ல எனக்கு வழியில்லை.

"கேளு," என்றேன்.