எங்கள் கடையில் கலோரிப் பலகை மாட்டிய கதை

சாப்பாட்டுக் கடைத் தொழிலில் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம், வாடிக்கையாளரின் பசியையும் சமையல்காரரின் கோபத்தையும் தவிர.

போர்டிக்சன் போகும் பழைய சாலையில், செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் இருக்கிறது என் அண்ணனின் கடை. பத்தொன்பது வருஷம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தேன். நோயாளியின் தட்டில் எத்தனை கலோரி போகிறது, எத்தனை மிச்சமாகித் திரும்பி வருகிறது என்று சீட்டு எழுதும் வேலை. நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி அண்ணன் கடையில் வந்து நின்றபோது எனக்கு ரொட்டி வீசத் தெரியவில்லை, தே தாரிக் டீ ஆற்றத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எண்ணுவது மட்டும்தான். ஆகவே விலைப் பலகையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் கலோரியும் எழுதலாம் என்றேன். வந்தவளுக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்ற இரக்கத்தில் அண்ணன் சரி என்றார். கடை வைத்திருப்பவர்களே, கடையில் நிற்பவர்களே, கடைக்காரரைக் கட்டிக்கொண்டவர்களே, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

தராசு

பாக்கியம் அக்காதான் எங்கள் சமையல்காரர். கடை திறந்த நாளிலிருந்து குசினி அவர் கையில். கலோரி எழுத வேண்டுமென்றால் எண்ணெயை நிறுக்க வேண்டும். அக்கா எண்ணெயை நிறுப்பதில்லை. டின்னைச் சாய்ப்பார், சட்டி ஒரு சத்தம் போடும், டின்னை நிமிர்த்துவார். டின்னுக்கும் சட்டிக்கும் நடுவில் நான் தராசோடு நான்கு நாள் நின்றேன். வறுத்த நூடுல்சான மீ கோரெங்குக்கு நான்கு நாளும் நான்கு எண் வந்தது. கூட்டி, நான்கால் வகுத்து, அறுநூற்றுத் தொண்ணூறு என்று எழுதினேன்.

பலகை மாட்டிய அன்று அக்கா வெளியே வந்து ஒரு வரி விடாமல் படித்தார். கலோரி என்ற சொல் அவருக்குப் புதிதில்லை. கிளினிக்கில் நர்ஸ் யாரையாவது திட்டும்போது அந்தச் சொல் வரும். ஆக, தன் சமையலைத் திட்டி நடுக்கடையில் மாட்டியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். மாதக் கடைசிக்குள் பலகை இறங்காவிட்டால் தான் இறங்கிப் போய்விடுவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டார். பலகை போனால் கடையில் எனக்கு வேலையில்லை. அக்கா போனால் கடையே இல்லை. அண்ணன் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்: மாதம் முடிவதற்குள் பலகையைப் பார்த்து ஒரே ஒரு ஆள் சாப்பாட்டைத் திருத்திக்கொண்டாலும் பலகை இருக்கட்டும், இல்லையென்றால் இறக்கிவிடலாம். குசினியிலிருந்து பதில் வந்தது.

“இருவத்திரண்டு வருஷமா என் கையால சாப்புட்டு ஒருத்தனும் சாவல. இவ போர்டு போட்டே கொன்னுடுவா.”

கூடினது எது

பலகையை முதன்முதலில் அக்கறையாகப் படித்தவர் மணியம் அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தினம் காலையில் இரண்டு தோசை சாப்பிடுவார். அன்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இதெல்லாம் என்ன எண் என்று கேட்டார். சாப்பாட்டிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் சக்தி என்று, ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். நான் சறுக்கிய இடம் அதுதான்.

தோசையை விட்டுவிட்டு, தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக் சொன்னார். மறுநாள் குலை வெட்டும் ஆட்கள் மூன்று பேரைக் கூட்டி வந்து, பலகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, தானே பாடம் நடத்தினார். நான்கு தட்டு நாசி லெமாக் போனது. நான் மெதுவாகப் பக்கத்தில் போய், குறைந்த எண்ணைப் பார்த்து எடுப்பதுதான் முறை என்றேன். மணியம் அண்ணன் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே வெல, தங்கச்சி. அதுல முந்நூத்திச் சொச்சம், இதுல அறுநூத்திச் சொச்சம். கொறஞ்சத வாங்கித் திங்க நான் என்ன மடையனா லா?”

சனிக்கிழமை

அந்தோணி அங்கிள் ரயில்வேயில் கேட் காத்து ஓய்வுபெற்றவர். வாரத்தில் மூன்று நாள் நாலு நம்பர் லாட்டரி எடுப்பார். குலுக்கலுக்கு நம்பர் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. மோதி நொறுங்கிய காரிலிருந்து வரலாம், கனவில் வந்த வீட்டுக் கதவிலிருந்து வரலாம். எங்கள் பலகையிலிருந்தும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாசி லெமாக்கின் அறுநூற்று அறுபத்திரண்டுக்கு முன்னால் ஒரு சைபர் போட்டு அவர் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த நம்பரின் பண்டத்தை அன்றைக்கே சாப்பிட்டால்தான் விழும் என்று ஒரு விதியும் வைத்திருந்தார். வருஷக்கணக்காக வெறும் டீயோடு எழுந்து போன மனிதர், வாரம் மூன்று தட்டு நாசி லெமாக்குக்கு வந்து நின்றது இந்தப் பலகையால்தான்.

இது தெரியாமல், நாங்கள் வாங்கும் தேங்காய்ப்பால் மாறியதும் நான் மறுபடி கணக்குப் போட்டு, அறுநூற்றுப் பதினெட்டு என்று திருத்தி எழுதினேன். அங்கிள் வந்து பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. யார் சொல்லி மாற்றினாய், கோயிலிலா, கனவிலா என்று கேட்டார். தேங்காய்ப்பால் என்றேன். ஏதோ பெரிய சங்கதியைக் கேட்டவர்போலத் தலையாட்டினார். பிறகு, பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மாத்துறதுல தப்பில்லம்மா. ஆனா சனிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமையே மாத்திடணும். நான் காலையிலயே எடுத்துட்டேன்.”

நடுவில் வைத்தது

வெள்ளிக்கிழமை மத்தியானம் செண்டாயான் தொழிற்சாலை ஆபீசிலிருந்து நான்கு பெண்கள் வருவார்கள். கவிதாதான் தலைவி. உட்காருவதற்கு முன்பே நான்கு பேரும் பலகையைப் பார்த்தார்கள். கைப்பேசியை எடுத்துக் கூட்டினார்கள். ஒருத்திக்கு இரண்டு இட்லி, ஒருத்திக்கு ஒரு தோசை, மற்ற இரண்டு பேருக்கும் அவித்த முட்டை, எல்லாருக்கும் சீனியில்லாத டீ. கல்லாவில் இருந்த அண்ணனைக் கண்ணாலேயே கூப்பிட்டேன். ஒரு ஆள் கேட்டாரே, இதோ நான்கு பேர்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கவிதா மறுபடி கை தூக்கினாள். மீ கோரெங் ஒன்று, பொரித்த கோழி ஒரு தட்டு, கெட்டிப்பால் ஊற்றிக் கோபுரம் மாதிரி நிற்குமே, அந்த ரொட்டி திசு இரண்டு. எல்லாம் மேசை நடுவில் வந்து இறங்கியது. கோபுரங்கள் இரண்டும் சாய்ந்து, முள்கரண்டிகள் நான்கு பக்கமிருந்தும் பாய்ந்தன. இட்லிகள் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தன. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கவிதாவுக்கே மனசு கேட்கவில்லை.

“எங்க தட்டுல உள்ளதுதான்க்கா எங்களோடது. நடுவுல வச்சது யாரு கணக்குலயும் வராது.”

லோபாக்கிலிருந்து வந்தவர்

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது லோபாக்கில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வந்தார். அண்ணனுக்கு நெடுநாள் பழக்கம். டீ குடிக்க வந்தேன் என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகை முழுவதையும் படித்தார். டீயைக் கையிலெடுத்துக்கொண்டு குசினி வாசலுக்குப் போய், பாக்கியம் அக்காவிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அப்படியே போகிற போக்கில், தன் கடைக் குசினியில் காற்றாடி இருப்பதாகவும், உட்கார நாற்காலியும் உதவிக்கு இரண்டு ஆளும் இருப்பதாகவும் சொன்னார். அண்ணன் துடைத்த கல்லாவையே மறுபடி துடைத்தார். போகும்போது பாய் என்னிடம் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் குசினிக்குள் கேட்கிற அளவுக்கு.

“எங்க கடையில வெலைய மட்டும்தாம்மா எழுதுவோம். மனுசன நோகடிக்க அது ஒண்ணே போதும்.”

அக்காவின் தட்டு

மறுநாள் அக்கா என்னை மடக்கினார். இதே சட்டியிலிருந்துதான் தானும் இத்தனை வருஷம் சாப்பிடுவதாகவும், பலகை சொல்வது நிஜமென்றால் தான் அண்ணனை மாதிரி ஊதியிருக்க வேண்டும் என்றும் சொல்லி, தன் குச்சிக் கையை நீட்டிக் காட்டினார். தைரியமிருந்தால் தன் தட்டை எண்ணிப் பார்க்கச் சொன்னார். என் பலகை பொய் என்று என் கையாலேயே எழுதி வாங்குவது அவர் திட்டம்.

காலை ஐந்து மணியிலிருந்து சீட்டும் பென்சிலுமாக அவர் பின்னாலேயே நடந்தேன். பால் விடாத கோப்பி ஒன்று. இரண்டு பிஸ்கட். அதற்குப் பிறகு உப்புப் பார்க்க உள்ளங்கையில் விட்டு நக்கிய குழம்புத் துளிகள். அவற்றையும் எழுதினேன். மத்தியானம் மூன்றேகாலுக்கு, எல்லாரும் போன பிறகு, நின்றபடியே இரண்டு கை சோறும் வழித்தெடுத்த குழம்பும். முடித்துவிட்டுக் கையைக் கழுவி, ராத்திரியில் தான் சாப்பிடுவதில்லை என்று சொல்லி, எவ்வளவு என்றார். நானூற்று இருபது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் ஒரு நாளில் இவ்வளவுதான் சாப்பிட்டார் என்று சீட்டு வந்தால் நாங்கள் டாக்டரைக் கூப்பிடுவோம் என்றேன். அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு வெளியே போய்ப் பலகையைப் பார்த்தார். முச்சந்தியில் போகிற வருகிறவன் ஒரே முழுச் சாப்பாட்டில் தின்றுவிட்டுப் போவதில் பாதிகூட இல்லை. சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்குப் பலகையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே இறக்கிவிடுவதாக அண்ணனிடம் சொல்லி, ஏணியையும் எடுத்துச் சுவரில் சாய்த்தேன். அக்கா வந்து, ஏணியை எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னார்.

மறுநாள் பன்னிரண்டரை மணி, கடை நிறைந்த நேரம். அக்கா வாழை இலை ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, காற்றாடிக்குக் கீழே வாடிக்கையாளர் மேசையில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு முழுச் சாப்பாடு என்றார். நான் பரிமாறினேன். குசினியில் ஏதோ தீயும் வாசனை வந்தது. நான்கு மேசையிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்து, எப்போது வருவீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அக்கா ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தபடி, இடது கையால் பலகையைக் காட்டினார்.

“தொள்ளாயிரத்து நாப்பதுன்னு உங்க தங்கச்சிதானே எழுதியிருக்கு? அது முடியிற வரைக்கும் என்னை ஒருத்தரும் கூப்புடக்கூடாது.”

இதுவரை எங்கள் பலகையைப் பார்த்துச் சாப்பாட்டை நியாயமாகத் திருத்திக்கொண்டவர் அக்கா ஒருவர்தான், அவரும் கூட்டிக்கொண்டவர்.