தீவில் நின்றதாகக் காட்டிய படகு

மீனவர் சங்க அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது குளச்சல் மீன் ஏலத்தின் நடுவில் நின்றிருந்தேன். மகன் கடலில் இருக்கும் தகப்பனுக்கு அந்தப் போன் வந்தாலே மகன் நினைப்புதான் முதலில் வரும். "ததேயு அண்ணன் போயாச்சு. நெஞ்சுவலி" என்றார்கள். போனது என் மகன் இல்லை என்று முதலில் ஒரு மூச்சு வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். அண்ணனிடம் சொல்லியிருந்தால், "தகப்பனுக்கு அதுதாம்லே முறை" என்றிருப்பார்.

உங்களில் பலருக்கும் அவரைத் தெரியும். துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, ஆழ்கடல் படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் நம் சங்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர். படகுகளின் இருப்பிடம் வெளியூரிலிருந்து நெட் வழியே ஒரு ஃபைலாக வரும். அனுப்புகிறவர்கள் ஃபைல் முழுவதற்கும் கணக்குப் போட்டு நீளமான ஓர் எண் கொடுப்பார்கள். வந்த ஃபைலுக்கு இங்கே அதே கணக்கைப் போட்டால் அதே எண் வர வேண்டும். வழியில் ஓர் இலக்கம் கெட்டாலும் எண் மாறிவிடும். ஒன்பதாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டித் தோற்ற எனக்கே இது புரிந்ததென்றால், அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை கெட்டுப்போன ஃபைலைத் திறந்து வரைபடத்தில் காட்டினார். என் மகன் ஜெரினின் படகு திற்பரப்பு அருவிக்குப் பக்கத்தில் நின்றது.

"ஒன் மவன் குளிக்கப் போயிருக்கான். துண்டு குடுத்து விட்டியா?" சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, இது பயமில்ல. பாக்கச் சரியா இருந்துட்டுப் பொய் சொல்லும் பாரு, அதுக்குத்தான் பயப்படணும்."

புயல் எச்சரிக்கை வந்த நாளில் அது விளங்கியது. வயர்லெஸ்ஸில் ஜெரினின் படகு கிடைக்கவில்லை. நானும் மனைவியும் சங்கத்திலேயே காத்திருந்தோம். லைன் விட்டு விட்டு வந்து ஒரு ஃபைல் இறங்கியது. படத்தில் அவன் படகு லட்சத்தீவுத் துறைமுகத்தில் நின்றது. என் மனைவி சிலுவை போட்டாள். நான் எல்லாருக்கும் டீ வாங்கக் கிளம்பினேன்.

"ஏலே, நில்லு. எண் ஒத்து வரல்ல" என்றார் அண்ணன்.

"அண்ணே, படத்துல நிக்குதுல்லா?"

"நிக்கட்டும். நான் நம்பமாட்டேன்."

"நல்ல சேதி வந்தா ஒமக்குப் பொறுக்காதா?" என்றாள் என் மனைவி.

அவர் ஃபைலை மறுபடியும் அனுப்பச் சொன்னார். அதுவும் ஒத்து வரவில்லை. திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை எண் ஒத்தது. படகு தீவில் இல்லை. நடுக்கடலில், புயல் வரும் பாதையிலேயே கிடந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் உடனே போனை எடுத்து, கடலோரக் காவல்படைக்கு இடத்தைச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

மறுநாள் ஒரு கப்பல் படகிலிருந்த எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. படகு மூழ்கிவிட்டது. முதல் ஃபைலை நம்பியிருந்தால், தீவில் பத்திரமாக நிற்கிறவனை யார் தேடப் போகிறார்கள்? இப்போதும் டீ கிளாஸைக் கையில் எடுத்தால் சில நாள் இதை நினைத்துக் குடிக்காமலே கீழே வைத்துவிடுவேன்.

ஜெரின் இப்போது வேறொரு படகில் போயிருக்கிறான். நேற்று அண்ணனை அடக்கம் செய்துவிட்டுச் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் படத்தைக் காட்டி, "எல்லாம் பத்திரமா நிக்குது, நீரு வீட்டுக்குப் போவும்" என்றார்.

"எண் ஒத்துதா?" என்று கேட்டேன்.

"எந்த எண்?" என்றார் அவர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். ததேயு அண்ணன் எனக்கு விட்டுப்போனது தைரியம் இல்லை, அந்தப் பயம்தான். அதை நான் விடப்போவதில்லை.