குதிரைகளுக்குப் போட்ட சோறு

சென்ற ஆண்டு என் மனைவி ராஜபாளையத்து மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்த வாரங்களில் நான் ஒரு போரை எழுதிக்கொண்டிருந்தேன். பாண்டிய அரியணைக்காக ஒரு தந்தையின் இரு மகன்கள் நாட்டை இரண்டாக்கி மோதிய போர். குதிரைப்படை களத்துக்குப் புறப்படும் இடத்திலேயே பல நாள் தேங்கி நின்றேன். நான் வரலாற்றுப் பேராசிரியனாக ஓய்வு பெற்றவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, முந்தைய நாள் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பக்கவாதம் அவளுடைய இடப்பக்கத்தையும் தொண்டையையும் பாதித்திருந்தது. வாய்வழியாக எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மூக்கில் குழாய். பேச்சு மட்டும் குழறலாக மிஞ்சியிருந்தது.

“குதிரையெல்லாம் கெளம்பிருச்சா?” என்பாள். “எம்புட்டு நாளா அங்கனயே நிக்குது.”

கூமாப்பட்டியில் மாடு கன்றுகளோடு வளர்ந்தவள். குதிரைகள் என்ன தின்றன என்றுதான் முதலில் கேட்டாள். கடல் கடந்து வந்த அவற்றை வளர்க்கத் தெரியாமல், சோறாக்கி இறைச்சியும் நெய்யும் கலந்து ஊட்டினார்கள், பெரும்பாலானவை மடிந்தன என்று அயல்நாட்டார் எழுதியிருப்பதைச் சொன்னேன். போரன்று பல குதிரைகள் எதிரியின் வேல் படுமுன்பே பாதி ஓட்டத்தில் சரிந்திருக்கும், பின்வரிசை அவற்றின்மேல் இடறி விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

“கூறுகெட்ட பயலுவ,” என்றாள். சற்றுக் கழித்து, “ஆசையாத்தான் போட்டிருப்பாங்க.”

மறுநாள் அவள் என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

“ரெண்டு கரண்டி ரசஞ்சோறு குடுங்க.”

“டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல.”

“குதிரைக்கு நெய்ச்சோறு. கட்டுனவளுக்கு ஒண்ணுமில்லையாக்கும்.”

“குழாய எடுத்த பொறவு தாரேன்.”

“எடுக்கையில நான் இருக்கணுமே.”

அடுத்த நாள் ரசம் வைத்து, தெளிவை மட்டும் வடிகட்டி பிளாஸ்க்கில் கொண்டுபோனேன். பஞ்சில் தோய்த்து உதட்டில் தடவலாமா என்று செவிலியரிடம் கேட்டேன். தண்ணீர் மட்டும் என்றார். ஈரப் பஞ்சால் துடைத்தேன். அவள் உதடுகள் பஞ்சைக் கவ்வி இழுத்தன. செவிலியர் என் கையை விலக்கினார். மனைவியின் கண்கள் பிளாஸ்க்கின் மீதே இருந்தன.

அன்று போரைப் படித்தேன். கொடுப்பதற்கு என்னிடம் வேறொன்றும் இல்லை. குதிரைகள் புறப்படும் இடத்தில் உறங்கிப்போனாள். பேருந்தில் திரும்பும்போது பிளாஸ்க் மடியில் கனத்தது.

அந்த வாரத்திலேயே நுரையீரலில் சளி கட்டி இறந்தாள். குழாய் இருந்தும் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர். ரசம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

“இதேதான் சார். கொஞ்சம் முன்னாடியே ஆகியிருக்கும்.”

அத்தியாயம் இன்னும் முடியவில்லை. அந்தக் குதிரைகளுக்கு அறியாமையால் சோறு போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். ‘அறியாமையால்’ என்ற அந்த ஒரு சொல்லை அடித்திருக்கிறேன். அதன் இடத்தில் இன்னும் எதையும் எழுத முடியவில்லை.