எஸ்தர் அடித்துத் திருத்திய வரி

செவ்வாய்க்கிழமை காலை பல்லாவரம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது, எங்கள் அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் குமார் போனில் அழைத்தார். "சார், எஸ்தர் அக்கா போயிட்டாங்க" என்றார். மின்வண்டி வந்தது, நான் ஏறவில்லை.

எங்கள் மாலைப் பத்திரிகையின் தாம்பரம் அலுவலகத்தில் எஸ்தர் நெட்வொர்க் பொறியாளர். பக்கங்கள் அங்கே தயாராகி, அவர் பார்த்துக்கொண்ட ரூட்டர் என்ற இணைப்புக் கருவி வழியாகக் கீழ்க்கட்டளையில் உள்ள அச்சகத்துக்குப் போகும். அந்த ரூட்டரில் எதையாவது மாற்ற, 'கான்ஃபிகரேஷன் மோட்' என்ற நிலைக்குள் நுழைய வேண்டும். ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருந்தால் திரை அவர் பெயரைக் காட்டும். உடனே எஸ்தர் போனை எடுப்பார். "குமாரு, உள்ள என்ன பண்ற? எனக்கும் கொஞ்சம் இடம் இருக்கா?" இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தக் குரல் நினைவிருக்கும்.

மற்றவர் நுழையாதபடி பூட்டிக்கொண்டும் வேலை செய்யலாம். ஏன் பூட்டுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பூட்டிட்டு நான் சாப்பிடப் போயிட்டா, பிரஸ்ல அவசரம்னா குமார் எங்க போவான் சார்? கேட்டுட்டு செஞ்சா போதும்" என்றார்.

ஒருநாள் முற்பகல் அது தவறியது. பக்கங்கள் அச்சகத்துக்குப் போகும் பழைய பாதையை எஸ்தர் ரூட்டரில் அழித்திருந்தார். புதியதை எழுதுவதற்குள் மேலாளர் கூப்பிட, எழுந்து போனார். அவர் அழித்தது வரைவில்தான். 'கமிட்' கொடுக்கும்வரை ரூட்டர் எதையும் செயல்படுத்தாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் வரைவு ஒன்றுதான். அச்சகத்திலிருந்து நுழைந்த குமார் எஸ்தரின் பெயரைத் திரையில் பார்த்து இருமுறை போன் செய்தார். பதில் இல்லை. பிரிண்டருக்கான சின்ன மாற்றம் ஒன்றை எழுதி கமிட் கொடுத்தார். எஸ்தரின் பாதி வேலையும் அதோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. இணைப்பு அறுந்தது.

எஸ்தர் ஓடிவந்து பழைய நிலைக்குத் திருப்பினார். அன்று பத்திரிகை ஒரு மணி நேரம் தாமதமாகக் கடைகளுக்குப் போனது.

கமிட் கொடுத்தவர் குமார் என்று ரூட்டரின் பதிவில் இருந்ததால், அவரை நீக்க நிர்வாகம் நினைத்தது. நிர்வாகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதித் தரும்படி, செய்திப் பிரிவில் இருந்த என்னிடம் எஸ்தர் கேட்டார். "பராமரிப்பின்போது எதிர்பாராமல் ஏற்பட்ட கோளாறு" என்று எழுதினேன். இருவரையும் அது காப்பாற்றும் என்பது என் கணக்கு.

படித்துச் சிரித்தார். "செய்தியில இப்படி எழுதினா உங்க எடிட்டர் விடுவாரா சார்?" என் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: "நான் பதில் சொல்லும்முன் குமார் கமிட் கொடுத்தார். ஆனால் பாதையை அழித்துவிட்டுப் பாதியில் எழுந்து போனவள் நான். இணைப்பு அறுந்ததற்கு அதுவே காரணம்."

"அக்கா, உங்க வேலை போயிடும்க்கா" என்றார் பக்கத்தில் நின்ற குமார்.

"போனா முடிச்சூர்ல டியூஷன் எடுப்பேன். நீ அடுத்த தடவ நான் எடுக்கிற வரைக்கும் போன் அடி."

இருவர் வேலையும் தப்பியது. எஸ்தருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

வெளியான செய்தியில் பிழை இருந்தால் எங்கள் பத்திரிகையில் போடும் திருத்தக் குறிப்புகளை எழுதுவது நான். அன்றுமுதல் "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதுவதை விட்டேன். யார் தவறினோம், எதில் தவறினோம் என்று எழுதுகிறேன். எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். போன வாரக் குறிப்பில் தவறியவராக இருப்பது என் பெயர்.