பிரதம விருந்தினர் வரும்வரை

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை நடுங்கும். போன வருஷம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை பிடித்த நடுக்கம் இன்னும் விட்டபாடில்லை. தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது அந்த நாள் நினைவுக்கு வந்தால் ஒரே கடிதத்தில் இரண்டு குத்து விழுகிறது. ஒரு உதைபந்தாட்டப் போட்டிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். அவர்களுடைய மகளை யாரும் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் பெண்கள் அணிகளுக்கு லீக் போட்டிகள் முடிந்த அடுத்த கிழமை, முதல் இரண்டு இடங்களுக்கு வந்த கல்லூரிகள் இரண்டும் ஒரு கிண்ணத்துக்காக விளையாடும். லீக்கில் யார் எத்தனை போட்டி வென்றார்கள் என்று சனத்துக்கு ஞாபகமே இராது. கிண்ணம் எந்தக் கல்லூரி அலுமாரியில் இருக்கிறது என்பதுதான் கதை. போன வருஷம் ஒரு பக்கம் நகரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரி, மறுபக்கம் ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கல்லூரி ஒன்று. நான் படித்ததும் எங்கள் கல்லூரியில்தான். பழைய மாணவிகள் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். கிண்ணப் போட்டியை நடத்துவது அந்தச் சங்கம். எங்கள் அணியின் இடதுபக்க முன்வரிசையில் விளையாடியது என் மகள்.

மகளைப் பற்றிப் பெருமையடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அவளுடைய இடது கால் அப்படி. கிணற்றடி மதிலில் பந்தை அடித்து அடித்துப் பூச்சு முழுக்கக் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சண்டை பிடித்தார். பிறகு அவரே லீக் போட்டிக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

தேசிய இளையோர் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் ஒரு பெண்மணியைக் கொழும்பிலிருந்து வரவழைக்க, எங்கள் விளையாட்டு ஆசிரியர் ஆறு மாதமாகத் தொலைபேசியில் தொங்கினார். கடைசியில் அந்த அம்மா, கிண்ணப் போட்டிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு அது கடைசி வருஷம். தை பிறந்தால் வயது எல்லையைத் தாண்டிவிடுவாள், அதற்குப் பிறகு அந்தக் கதவு அடைத்த கதவுதான். ஆக, அவளை அந்த அம்மா பார்ப்பதென்றால் அந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் மட்டும்தான்.

போட்டி மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் அடித்திருந்தோம். அடித்திருந்தோம் என்ன, நான்தான் எழுதிக் கொடுத்தேன். அணிகளின் பெயரைவிடப் பிரதம விருந்தினரின் பெயர் மூன்று மடங்கு பெரிய எழுத்தில் இருந்தது. ஆள் யாரென்று சொல்லப் போவதில்லை. பெரிய மனிதர், அவ்வளவுதான். காலையில் பந்தல் போட்டு, வாயிலில் வாழை கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், எங்கள் நகரத்துக்குள் மாடு மாதிரித் திரியும் மான்களில் இரண்டு வாழையிலையை உரித்துத் தின்றுகொண்டு நிற்கின்றன. திரும்பவும் கட்டினோம். இதற்கெல்லாம் எனக்கு நேரம் இருந்தது.

அந்த அம்மா இரண்டரைக்கே வந்துவிட்டார். மாலை வேண்டாம், பந்தலும் வேண்டாம் என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் எல்லைக்கோட்டுக்கு அருகில் வேப்பமரத்தின் கீழ் போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு கொப்பி. ஐந்தே முக்கால் பஸ்ஸில் திரும்பவேண்டும், அதை விட்டால் மறுநாள் காலை மாத்தறையில் இன்னொரு போட்டிக்குப் போய்ச் சேர ஏலாது என்று வந்தவுடனேயே விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லியும் விட்டார். மூன்றுக்குத் தொடங்கினால் ஐந்துக்கு முடிந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இனி எங்கள் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். இரண்டு அணியும் பந்தலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். பிரதம விருந்தினர் வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பார், படம் எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் நடுவர் விசில் ஊதுவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் இதை மீறி ஒரு பந்து உருண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் காரை விட்டு இறங்கும்போது வரிசை தயாராக இருக்கவேண்டும் என்பது இன்னொரு வழக்கம். அதனால் மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே இருபத்திரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் வெயிலில் நிறுத்திவிட்டோம். பந்தலில் எங்களுக்கு நிழல் இருந்தது, சோடா இருந்தது.

மூன்றேகாலுக்கு அவருடைய இணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வெளிக்கிட்டாச்சு அக்கா, வெளிக்கிட்டாச்சு."

மூன்றரைக்கு எடுத்தேன்.

"கந்தளாயால வந்துகொண்டிருக்கிறம். வழியில ஒரு சின்னக் கடைத்திறப்பு. ரிப்பனை வெட்டினோன்ன வந்திடுவார்."

நான்கு மணிக்கும் அவர்கள் கந்தளாயில்தான் இருந்தார்கள். அது என்ன கண்டறியாத ரிப்பனோ, வெட்ட வெட்ட முடியவில்லை. கச்சான் காற்று மைதானத்துப் புழுதியை வாரிப் பிள்ளைகளின் முகத்தில் அடித்தது. ஈச்சிலம்பற்று அணியில் ஒரு பிள்ளை அப்படியே குந்திவிட்டது. விடியவே வெளிக்கிட்டு வந்த பிள்ளை. தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து நிழலுக்குக் கூட்டிப்போனார்கள். பத்து நிமிஷத்தில் எங்கள் கல்லூரி அதிபர், "வந்திட்டாராம், வந்திட்டாராம்" என்று பதறியடித்து அந்தப் பிள்ளையைத் திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தினார். வந்தது தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி.

என் மகள் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. வேப்பமரத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் விளையாட்டு ஆசிரியர், பந்தல் முகப்பில் மாலைகளோடு நான் இருந்த மேசைக்கு வந்தார்.

"அக்கா, தொடங்குவமே? அவர் வந்தா இடைவேளையில கை குடுக்கட்டும். அந்த அம்மாவுக்கு பஸ் இருக்கு. அதிபரைக் கேட்டனான், உங்களைக் கேக்கச் சொல்றார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டியதெல்லாம் பொய்யாகிவிடும்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள் சேர்? நாங்கள் கூப்பிட்டு வாறவர். வந்து இறங்கேக்க பந்து ஓடிக்கொண்டிருந்தா எங்களுக்கு என்ன மரியாதை? கொஞ்ச நேரம் நிண்டா பிள்ளையள் கரைஞ்சு போயிடாதுகள்."

அவர் வரிசைப் பக்கம் திரும்பிப் போனார். நான் மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்தேன். மாலை வாடிவிடும் என்ற கவலை எனக்கு.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்தது. வாயிலில் நிற்கவில்லை. மைதானத்துக்குள் ஏறி, விடியற்காலையில் பிள்ளைகள் சுண்ணாம்பு போட்டு வைத்த கோட்டை மிதித்துக்கொண்டு பந்தலடிக்கு வந்தது. பாண்ட் முழங்கியது. மாலை. பொன்னாடை அவருக்கு ஒன்று, அவருடன் வந்த ஆறு பேருக்கும் ஆறு, அதிபருக்கு ஒன்று, எனக்கும் ஒன்று. குத்துவிளக்குத் திரி காற்றில் பிடிக்கவில்லை. ஒன்பது குச்சி கிழித்தார்கள். நான் எண்ணினேன். பிறகு அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். இந்த மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத் தருவாராம், இனி இருட்டிலும் பிள்ளைகள் விளையாடலாமாம். பந்தலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அடப் பாவி மனுஷா, நீ நேரத்துக்கு வந்திருந்தால் எங்களுக்கு வெளிச்சம் சும்மா கிடைத்திருக்குமே! வாயால் சொல்லவில்லை. நானும் கை தட்டினேன்.

விசில் ஊதும்போது ஐந்து இருபத்தைந்து. அந்த அம்மா கொப்பியைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். பந்து முழுக்க வலது பக்கமே சுற்றியது. ஒரே ஒரு தரம் என் மகளிடம் வந்தது. ஓட எடுத்த காலில் தசை பிடித்துவிட்டது, இடறி விழுந்தாள். எழும்பும்போது அந்த அம்மாவும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"கொஞ்சம் இருங்கோ மிஸ். இனித்தான் அவ விளையாடுவா. நான் அவவின்ர அம்மா."

அவருடைய தமிழ் கொஞ்சம் தட்டித்தடவி வரும். ஆனால் அன்று சொன்னது தெளிவாகத்தான் இருந்தது.

"அம்மா, நான் ரெண்டு மணித்தியாலம் உங்கட மகள் நிக்கிறதுதான் பாத்தது. விளையாடுறது பாக்கல்ல. என்ன எழுதுறது?"

கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மகள் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய், இடது காலால் வலை மூலைக்குள் ஒன்று அடித்தாள். சனம் துள்ளியது. அவள் துள்ளவில்லை. மரத்தடியில் வெறும் கதிரைதான் கிடந்தது. எதிரணியும் ஒரு கோல் திருப்பிப் போட்டது. இடைவேளைக்குப் பிறகு பந்து தெரியவில்லை என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, நாணயம் சுண்டிக் கிண்ணத்தை எங்களுக்குக் கொடுத்தார். பிரதம விருந்தினர் அதற்கு முதலே போய்விட்டார். பூவா தலையா பார்த்து வென்ற கிண்ணம் இப்போது எங்கள் அலுமாரியில் மினுங்குகிறது. மகள் அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நான் திட்டாத ஆள் இல்லை. சமைக்கும்போது பிரதம விருந்தினரைத் திட்டினேன், உடுப்புத் தோய்க்கும்போது இணைப்பாளரைத் திட்டினேன். முதுகெலும்பில்லாத மனுஷன் என்று அதிபரைத் திட்டினேன். "சேர் எண்டாலும் துணிஞ்சு தொடங்கியிருக்கலாம்" என்று அந்த மனிதரையும் விட்டுவைக்கவில்லை. மகள் எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். "விடுங்கோ அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. தை பிறந்தது. காற்பந்துச் சப்பாத்தை ஒரு பையில் போட்டு அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். சித்திரை கழிந்து கணினி படிக்க மட்டக்களப்புக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷமும் கிண்ணப் போட்டி வந்தது. செயலாளர் இன்னும் நான்தான். பிரதம விருந்தினர் வேறு ஆள், பிந்துவது அதே மாதிரி. மூன்று மணியானதும் நான் மைதானத்துக்குள் நடந்துபோய் நடுவரிடம், "ஊதுங்கோ" என்றேன். அதிபர் ஓடிவந்து, "ஐயோ, என்ன வேலை பாக்கிறியள்?" என்று தலையில் கை வைத்தார். "ஆரும் கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ" என்றேன். நான்கு மணிக்கு வந்து இறங்கிய விருந்தினர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பந்தலில் குந்தியிருந்தார். ஒரு பிள்ளையும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்ணூறு நிமிஷமும் விளையாடி முடித்து, வெயில் இருக்கும்போதே கிண்ணம் கொடுத்தோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் கை நடுங்காமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னமே மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவரிடம் நான் சொன்னதை இரண்டு தரம் சொன்னேன்.

"நல்லம் அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்ல?"

"போன வருஷம் சேர் வந்து உங்களைக் கேக்கேக்க நான் வரிசையில ரெண்டாவதா நிண்டனான் அம்மா. உங்கட மேசைக்கு நேர முன்னால. நீங்கள் சொன்னது கேட்டது."

எட்டு மாதம். ஒரே குசினிக்குள், நான் ஊரையெல்லாம் திட்டத் திட்ட, அவள் எனக்குச் சோறு போட்டுத் தந்துகொண்டு கேட்டிருக்கிறாள். கை திரும்பவும் நடுங்கத் தொடங்கியது. தொலைபேசியை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"சாப்பிட்டனீங்களே அம்மா?" என்று கேட்டாள்.