கூரை எட்டாத சுவர்

அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். மூணாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த 'லயம்' அப்படி. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுச்சுவர் எதுவும் கூரை வரை எட்டாது.

அந்தச் சுவர்தான் எங்களை வளர்த்தது என்பேன். "மெல்லப் பேசு, அங்கிட்டுக் கேக்கும்" என்பதை அம்மா சோற்றோடு சேர்த்து ஊட்டினாள். அப்பாவும் அம்மாவும் கிசுகிசுப்பாகத்தான் சண்டை போடுவார்கள். கோபம் முற்றினால் கைகள் மட்டும் ஆடும், பார்க்கிற எங்களுக்குச் சிரிப்பு வரும். அதையும் மீறிக் குரல் எழுந்தால் பக்கத்து வீட்டு அந்தோணி மாமா தன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ளும் லயத்து மரியாதை அது. மறுநாள் யாரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள்.

ஸ்டெல்லா அக்கா ப்ளஸ் டூ முடித்த மழைக்காலத்தில் போடியிலிருந்து ஒரு வரன் வந்தது. அவளுக்கோ நர்ஸுக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அடுப்படியில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னதைக் கேட்காதது போல இருந்துவிடுவது அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான 'ஓலை'யை வாசிக்கச் சொல்லிச் சாமியாரைப் பார்க்க ஒரு சாயங்காலம் சட்டையும் மாட்டிக்கொண்டார்.

அக்கா நடுவீட்டில் நின்று தொண்டையைத் திறந்து சொன்னாள்: "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நான் படிக்கப் போறேன்."

"மெதுவாச் சொல்லு புள்ள" என்று அப்பா பதறினார்.

"இத்தன நாளா மெதுவாத்தாம்ப்பா சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கலையே."

பக்கத்து வீட்டு ரேடியோச் சத்தம் கூடவில்லை. பாடிக்கொண்டிருந்தது நின்றேவிட்டது. லயமே காது கொடுத்துக் கேட்கிறது என்று புரிந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அந்தோணி மாமா அப்பாவிடம், "புள்ள படிக்கட்டும்ண்ணே" என்றார். ஊருக்கே தெரிந்துபோன மறுப்பை மறைத்து ஓலை வாசிக்கச் சொல்ல அப்பாவால் முடியவில்லை.

இன்று அந்த லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதி வீடுகளில் சுவரைக் கூரை வரை எழுப்பிவிட்டார்கள். யார் சண்டையும் யாருக்கும் கேட்பதில்லை. அக்கா கோட்டயத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டே அதிரப் பேசுகிறாள். வளர்ந்த சூழல்தான் ஆளை உருவாக்குகிறது என்று மேடையில் சொல்கிறார்கள்; ஒரே சுவரடியில் அவளும் நானும் எப்படி உருவானோம் என்றும் சொன்னால் தேவலை. போனில் நான் பேசுவது கேட்கவில்லை என்று என் மகள் சலித்துக்கொள்கிறாள்.

அக்காவுக்குப் பிறகு எனக்கு வரன் வந்தபோது நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.